நீரா, நிர்வாகவியல், முனைவர் பட்டம்: எந்தத் துறையில் பதிவது?

பாளைமணம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக். படித்தேன், பிறகு வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. முடித்தேன். இப்போது கஞ்சிக்கோட்டில் உணவுப் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு. தலைப்பும் மனத்தில் இருக்கிறது: நீரா.

நம் பகுதிக்காரர்களுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. நொதிக்காத தென்னம்பாளைச் சாறான நீராவை இறக்கி விற்கக் கேரள அரசு அனுமதித்தபோது, தோப்புக்காரர்கள் ஒன்றுசேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனங்கள் தொடங்கினார்கள். ஆலைகள் எழுந்தன, பாட்டில்கள் கடைக்கு வந்தன. பிறகு பல இடங்களில் வேலை நின்றுபோனது. ஏன் நின்றது என்று வணிகம் படித்தவர்களைக் கேட்டால் சந்தைப்படுத்தல் சரியில்லை என்கிறார்கள். உணவு அறிவியல் படித்தவர்களைக் கேட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள் என்கிறார்கள். இரண்டும் அரைகுறைப் பதில்கள் என்பது என் எண்ணம்.

சிக்கல் பதிவு செய்வதில்தான். உணவுத் தொழில்நுட்பத் துறை ஒன்றில் பேசினேன். "கூலி, ஒப்பந்தம், கொள்முதல் விலை, இதெல்லாம் எங்கள் ஆய்வு இல்லை" என்றார்கள். மேலாண்மைத் துறை ஒன்றில் கேட்டால், "ஆய்வகம் எல்லாம் எதற்கு? நீரா பற்றி நுகர்வோர் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு கேள்வித்தாள் தயாரித்து வாருங்கள், சுலபமாக முடித்துவிடலாம்" என்றார்கள். சுலபமாக முடிப்பதற்காக நான் வரவில்லை. இரு துறையையும் சேர்த்து ஆய்வு செய்தவர்கள் இங்கே இருந்தால் வழி சொல்லுங்கள்.

குப்பம்காரர் எழுதியது:

அம்மா, முதலில் ஓர் எச்சரிக்கை. வேலையில் இருப்பவர்களைக் குறிவைத்து "வீட்டிலிருந்தபடியே மேலாண்மையும் தொழில்நுட்பமும் சேர்ந்த டாக்டர் பட்டம்" என்று தொலைபேசியில் அழைப்பார்கள். என் மைத்துனருக்கு அப்படித்தான் வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர், தவணை முறையில் கட்டணம், எல்லாம் கவர்ச்சியாக இருந்தது. பணம் கட்டிய பிறகுதான் அந்தப் பட்டத்துக்கு இங்கே மதிப்பில்லை என்று தெரிந்தது. இணையவழிக் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் இணையவழி முனைவர் பட்டங்கள் அங்கீகரிக்கப்பட்டவை அல்ல என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலும் 2022 அக்டோபரிலேயே சேர்ந்து அறிவித்தன. அந்த அறிவிப்பு மைத்துனர் கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இத்தனை வருட உழைப்புக்குப் பலன் என்ன? உங்கள் நிறுவனம் சம்பளம் உயர்த்தித் தருமா?

ஆய்வுத்தோழன் எழுதியது:

மேலாண்மைத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன், கோவையில். குப்பம்காரர் சொன்ன எச்சரிக்கை மிகச் சரி. தொலைநிலையிலோ இணையவழியிலோ முனைவர் பட்டம் நடத்த மானியக் குழுவின் 2022 விதிமுறைகளில் இடமே இல்லை. பகுதிநேர ஆய்வுக்கு இடம் உண்டு. அதற்கு உங்கள் நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். "அனுமதிக்கிறோம்" என்று ஒற்றை வரி எழுதி வாங்கினால் போதாது. ஆய்வுக்குப் போதுமான நேரம் கிடைக்கும் என்றும், தேவைப்பட்டால் பாடப் பகுதியை முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்றும் அதில் இருக்க வேண்டும். பலர் தடுமாறும் இடம் இதுதான்.

எந்தத் துறை என்ற கேள்விக்கு உங்கள் படிப்பே பாதி பதில் சொல்கிறது. உங்கள் முதுநிலைப் பட்டம் எம்.பி.ஏ. அதில் 55 விழுக்காடு இருந்தால் மேலாண்மையில் பதியலாம். உணவுத் தொழில்நுட்பத்தில் பதிய அத்துறையின் முதுநிலையைக் கேட்பார்கள். ஆகவே மேலாண்மையில் பதிந்து, அறிவியல் பக்கத்திலிருந்து ஓர் இணை நெறியாளரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்துறை ஆய்வுக்கு வேறு துறையிலிருந்தோ வேறு பல்கலைக்கழகத்திலிருந்தோ இணை நெறியாளரை நியமிக்க விதியே அனுமதிக்கிறது. திருச்சூர் வெள்ளானிக்கரையில் கேரள வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் கூட்டுறவு, வங்கியியல், மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் வேளாண் அறிவியல் துறைகள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் இரண்டும் ஒரே வளாகத்தில் உண்டு. தகுதி நிபந்தனைகளை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். வேளாண் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை விதி வேறு மாதிரி இருக்கும்.

நெறியாளரின் வயதையும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்க முடியாது. பகுதிநேர ஆய்வு நீளும். நடுவில் நெறியாளர் ஓய்வு பெற்றுவிட்டால், புதிதாக வருபவர் உங்கள் தலைப்பையே மாற்றச் சொல்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கால வரம்பு ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேல் இன்னும் இரண்டு.

ஆனால் இவையெல்லாம் காகித வேலை. உங்கள் கேள்வி என்ன என்பதை இன்னும் நீங்கள் சொல்லவில்லையே? "நீரா" என்பது தலைப்பு. கேள்வி வேண்டும்.

முதலமடைத் தோப்புக்காரர் எழுதியது:

கேள்வித்தாள் என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. நாங்கள் நீரா நிறுவனம் நடத்திய காலத்தில் எத்தனை மாணவர்கள் வந்தார்கள்! "முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்து இல்லை" என்று கட்டம் போட்ட தாள். கூட்டத்துக்கு வந்த விவசாயிகள் கையில் கொடுத்து, டீ குடித்து முடிப்பதற்குள் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருவர்கூட விடியற்காலையில் மரத்தடியில் வந்து நின்றதில்லை.

அங்கே நின்றிருந்தால் இதைப் பார்த்திருப்பார்கள். மரம் ஏறுபவர் பாளையைச் சீவி, கட்டியிருக்கும் கலத்தை எடுக்கிறார். சாறு இனிப்பாக, தெளிவாக இருக்கிறது. பனிக்கட்டிப் பெட்டியில் உடனே ஊற்றினால் அப்படியே இருக்கும். பெட்டியில் பனிக்கட்டி தீர்ந்திருந்தால், அல்லது சேகரிப்பு வண்டி தாமதமானால், கலத்தின் விளிம்பில் சன்னமாக நுரை கட்டும். அந்த நுரையைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிடும், இது இனி நீரா இல்லை. ஆனால் லிட்டர் கணக்கில் வாங்குவதாக ஒப்பந்தம். நுரை கட்டியதும் கட்டாததும் ஒரே விலை. ஆலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பத்துக் கலம் நல்லதும் ஒரு கலம் கெட்டதும் ஒரே தொட்டியில் கலக்கும். அவ்வளவுதான், முழுத் தொட்டியும் போயிற்று.

அதே ஊரில் நான் பால் சங்கத்துக்கும் பால் ஊற்றுகிறேன். அங்கே என் பாலுக்குத் தனி அளவு, தனி விலை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பற்ற திடப்பொருள் எவ்வளவு என்று பார்த்துத்தான் பணம். நீராவுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை? இதை எந்த மாணவரும் என்னிடம் கேட்கவில்லை.

பாளைமணம் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு வேலையில் மனம் செல்லவில்லை. நான் தேடிய கேள்வி இதுதான்.

புதிதாக இறக்கிய சாற்றின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, ஏறத்தாழ 7. சர்க்கரை நிறைய இருப்பதால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் உடனே வேலையைத் தொடங்கிவிடும். அமிலம் கூடக்கூட பி.எச். இறங்கும். காசர்கோட்டில் இருக்கும் மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பனிக்கட்டி வைத்த சேகரிப்புப் பெட்டியை உருவாக்கியதே அதைத் தடுக்கத்தான். கையடக்க பி.எச். மீட்டர் இன்று பெரிய விலை இல்லை. பாலுக்குக் கொழுப்புப் போல, நீராவுக்குப் பி.எச். அளவை வைத்து மரத்தடியிலேயே விலை போட்டால் என்ன? அளவுகோலும் ஒப்பந்தமும் சேர்ந்து மாறினால் ஆலைக்கு வரும் சாற்றின் தரம் மாறுமா?

குப்பம்காரர் அண்ணா கேட்ட கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சம்பளம் உயராது. எங்கள் ஊர்த் தோப்புகளில் நல்ல சாறு வீணாவதைச் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். அதை நிறுத்தும் வழி என் இரண்டு படிப்புக்கும் நடுவில்தான் இருக்கிறது.

கஞ்சிக்கோடு ஓய்வாளர் எழுதியது:

பொதுத்துறை ஆலையில் கருவிகள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் இப்போது தொட்டிருப்பது பால்பண்ணை வரலாற்றிலேயே மிகப் பெரிய திருப்பத்தை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழக வேதியியலாளர் ஸ்டீபன் பாப்காக் 1890இல் பாலின் கொழுப்பை அளக்க ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். பாலில் கந்தக அமிலத்தை ஊற்றிச் சுழற்றினால் கொழுப்பு பிரிந்து, அளவுக்கோடு போட்ட குழாயின் கழுத்தில் ஏறி நிற்கும். கோடு பார்த்து எண்ணைப் படிக்க வேண்டியதுதான். அதுவரை எடைக்கு விலை. தண்ணீர் கலந்தவருக்கும் கலக்காதவருக்கும் ஒரே பணம், நல்ல மாட்டை வளர்ப்பவருக்கு நஷ்டம். சோதனை வந்ததும் நேர்மைக்கு விலை கிடைத்தது. மாடு தேர்வு, தீவனம், பால்பண்ணைக்கும் விவசாயிக்கும் இருந்த உறவு, எல்லாம் மாறின. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. அடுத்த வருடமே சுவிட்சர்லாந்தின் கெர்பர் தன் முறையைக் கொண்டுவந்தார். நம் நாட்டுப் பால்பண்ணைகளில் நெடுங்காலம் புழங்கியது அதுதான்.

பாப்காக் செய்தது வேதியியலா, நிர்வாகமா? இந்தக் கேள்வியை அந்த இரண்டு துறைத் தலைவர்களிடமும் கேட்க வேண்டும்.

நம் நாட்டிலும் குஜராத்தின் ஆனந்தில், அமுல் பால் கூட்டுறவில், நடந்ததைப் பாருங்கள். எருமைப்பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னார்கள். அங்கிருந்த பால் தொழில்நுட்ப வல்லுநர் தலாயா முடியும் என்று செய்து காட்டினார். 1955இல் ஆலை திறக்கப்பட்டது. அந்தத் தொழில்நுட்பம் கிடைத்ததால்தான் குளிர்காலத்தில் மிஞ்சும் பாலையும் மறுக்காமல் வாங்க முடிந்தது. விவசாயிக்கு "உன் பாலை எப்போதும் வாங்குவோம்" என்று குரியனின் கூட்டுறவு வாக்குக் கொடுக்க முடிந்தது. பொடியாக்கும் இயந்திரம் இல்லாமல் அந்த வாக்கு இல்லை. அந்த வாக்கு இல்லாமல் இயந்திரத்துக்குப் பால் இல்லை.

ஆய்வுத்தோழன் எழுதியது:

இப்போது கேள்வி வந்துவிட்டது. ஆகவே கடுமையாகப் பேசுகிறேன்.

பி.எச். அளவுக்கு விலை வைத்தால் முதல் வாரத்திலேயே என்ன நடக்கும்? கலத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். நம் ஊர்ப் பதநீர் அப்படித்தானே இறக்கப்படுகிறது! சுண்ணாம்பு பி.எச். அளவை மேலே தூக்கும். உங்கள் மீட்டர் "நல்ல சாறு" என்று காட்டும். பாட்டிலில் சுண்ணாம்புச் சுவை வரும். அளக்கும் ஒன்றுக்கு மட்டும் பணம் கொடுத்தால் உழைப்பு அதன் பக்கம் ஓடும், அளக்காதது கைவிடப்படும் என்று பொருளியலாளர்கள் ஹோம்ஸ்ட்ராமும் மில்குரோமும் 1991இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒப்பந்தக் கோட்பாட்டுக்காக ஹோம்ஸ்ட்ராமுக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. பாலிலும் இதே கதைதான். கொழுப்புக்கு மட்டும் விலை வைத்தால் பசும்பால் ஊற்றுபவர் அடிபடுவார். அதனால்தான் கொழுப்பற்ற திடப்பொருளையும் சேர்த்து இரண்டு அளவில் விலை போடுகிறார்கள்.

ஆகவே உங்கள் ஆய்வின் அறிவியல் பகுதி: மரத்தடியில், படிக்காதவரும் செய்யக்கூடிய, ஏமாற்ற முடியாத அளவுகள் எவை? மேலாண்மைப் பகுதி: அந்த அளவுகளை வைத்து எப்படி விலை அமைத்தால் தரம் உயரும்? முதல் பகுதி இல்லாமல் இரண்டாவது பகுதியை எழுதவே முடியாது. துறைத் தலைவரிடம் இதைச் சொல்லுங்கள். இணை நெறியாளர் ஏன் வேண்டும் என்று அதன் பிறகு அவர் கேட்கமாட்டார்.

பாளைமணம் எழுதியது:

சுண்ணாம்பைக் கண்டுபிடிப்பது சிரமம் இல்லை, சார். அம்மோனியம் ஆக்சலேட் சில சொட்டு விட்டால் கால்சியம் வெண்ணிற வீழ்படிவாக இறங்கும். சாற்றில் இயல்பாக இருக்கும் கால்சியத்துக்கும் கலந்த சுண்ணாம்புக்கும் எல்லைக்கோடு எது என்பதைத்தான் ஆய்வகத்தில் தீர்மானிக்க வேண்டும். சர்க்கரைச் செறிவைக் காட்டும் பிரிக்ஸ் அளவையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். தண்ணீர் கலந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

குப்பம்காரர் எழுதியது:

ஆந்திராவில் எங்கள் சித்தூர் மாவட்டத்துக்கும் இது பொருந்தும் போலிருக்கிறதே. தோத்தாபுரி மாங்காய் கூழ் ஆலைக்கு டன் கணக்கில் போகிறது. எடைக்குத்தான் விலை. இனிப்பு எவ்வளவு என்று ஆலைக்காரர் தனக்காக அளப்பார்; அது விவசாயியின் பணத்தில் தெரியாது. கரும்பிலும் ஆலையின் சராசரிச் சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது பிழிந்த கரும்பில் கிடைக்கும் சர்க்கரையின் விகிதத்தை, வைத்துத்தான் விலை. தனி விவசாயியின் கரும்பு எத்தனை இனிப்பு என்று யாரும் பார்ப்பதில்லை. பலன் என்ன என்று கேட்டவன் நான்தான். செய்யுங்கள் அம்மா. முடித்தபின் எங்கள் பக்கமும் வந்து மாங்காயைப் பாருங்கள்.

ஏறுமரம் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் முதுகலை படித்தவள் நான். நம் பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறேன். என் அப்பா மரம் ஏறுபவர்.

ஆய்வுத்தோழன் சார், சுண்ணாம்பு தடவுவதை "ஏமாற்று" என்று எழுதியதை ஏற்க முடியவில்லை. சாறு கெடாமல் இருக்க என் தாத்தாவுக்குத் தெரிந்த தொழில்நுட்பம் அதுதான். பனிக்கட்டி கொடுக்க யாரும் இல்லாத காலம் அது.

அடுத்தது முக்கியமானது. சாறு கெட்டால் யார் பொறுப்பு? அப்பா இறக்கிக் கொடுக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். வண்டி தாமதமாக வந்தால் அது அவர் குற்றமா? பனிக்கட்டி குறைவாகக் கொடுத்தால்? கள்ளுக் கலத்தைக் கழுவாமல் விடுவது வழக்கம், ஏனென்றால் அடியில் இருக்கும் மண்டிதான் கள்ளைப் புளிக்க வைக்கும். நீராக் கலத்தை ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவ வேண்டும். அதற்கு வெந்நீர் வேண்டும், நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி யார் கொடுத்தார்கள்? கள் இறக்கினால் இந்த வேலையே இல்லை, வாங்க ஆளும் தயார். அப்பா மறுபடியும் கள்ளுக்கே போனதற்கு இதுதான் காரணம். தர அளவு வைத்து மரம் ஏறுபவரின் கூலியை மட்டும் பிடிப்பதாக இருந்தால், இந்த ஆய்வு எங்களுக்கு எதிரானது.

இன்னொன்று. ஆய்வுக்கு ஒப்புதல் படிவம் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். அது மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அப்பா தமிழ் மட்டும் படிப்பார். இந்த மாநிலத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்கே தமிழில் எழுதலாம் என்று 1969 ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. ஆய்வாளர் எங்களுக்குத் தமிழில் எழுதக் கூடாதா?

பாளைமணம் எழுதியது:

எழுதுவேன், தங்கச்சி. படிவம் தமிழில்தான் இருக்கும். எழுதி முடித்ததும் முதலில் உங்கள் அப்பாவிடம் படித்துக் காட்டுகிறேன்.

பொறுப்பு பற்றி நீங்கள் சொன்னது வடிவத்தையே மாற்றுகிறது. அளவை இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும். மரம் ஏறுபவர் கையிலிருந்து கலம் மாறும்போது ஒரு முறை, ஆலை வாசலில் ஒரு முறை. முதல் அளவு அவருடைய ஊக்கத்தொகைக்கு. இரண்டுக்கும் நடுவில் இறங்கியது எதுவோ அது வண்டிக்கும் நிறுவனத்துக்கும். பெட்டிக்குள் வெப்பநிலைப் பதிவுக் கருவி ஒன்று போட்டுவிட்டால் எந்த நேரத்தில் குளிர் போனது என்பது தெரிந்துவிடும். அடிப்படைக் கூலியில் கை வைக்கக் கூடாது, தரத்துக்கு மேல்தொகை மட்டும். கலம் கழுவும் நேரம் அடிப்படைக் கூலியிலேயே சேர வேண்டும்.

ஆய்வுத்தோழன் எழுதியது:

ஏறுமரம், உங்கள் கண்டிப்பு நியாயம். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

பாளைமணம், இனி முறையியல். ஒரே இடத்தில் சிலருக்குப் பழைய விலை, சிலருக்குப் புதிய விலை என்று பிரிக்காதீர்கள். மாலையில் எல்லாரும் சந்தித்துப் பேசிக்கொள்வார்கள். இரண்டே நாளில் மனக்கசப்பு வரும், தரவும் கலங்கிவிடும். சேகரிப்பு மையம் வாரியாகப் பிரியுங்கள். முதலில் எல்லா மையத்திலும் பழைய விலையிலேயே சில மாதம் அளந்து, பிறகு ஒவ்வொரு மையமாகப் புதிய முறைக்கு மாற்றினால் யாருக்கும் அநீதி இல்லை. கடைசியில் எல்லாருக்கும் மேல்தொகை கிடைக்கும். மழைக்காலத்தையும் கோடைக்காலத்தையும் பிரித்துப் பாருங்கள், வெயிலில் நொதித்தல் வேகம் வேறு.

பதிவதற்கு முன் சோத்கங்காவில் தேடுங்கள். நாட்டின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. நீரா என்று தேடி வருவதையெல்லாம் படியுங்கள். யார் எதைத் தொடாமல் விட்டார்கள் என்பது உங்கள் முன்மொழிவின் முதல் அத்தியாயம். அதோடு, காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடும் இதழ்களின் பக்கமே போகாதீர்கள். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிடுவது 2022 விதியில் கட்டாயம் இல்லை. பல்கலைக்கழகம் தனியாக நிபந்தனை வைத்திருந்தாலும் நல்ல இதழுக்குக் காத்திருங்கள்.

முதலமடைத் தோப்புக்காரர் எழுதியது:

என் தோப்பில் சில மரங்களை இதற்கு ஒதுக்கித் தருகிறேன். உரிமம் பற்றி மட்டும் கலால் துறையில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவோம், மரம் ஏறுபவருக்குப் பின்னால் தொந்தரவு வரக் கூடாது. சனிக்கிழமை விடியுமுன் வாருங்கள். ஏறுமரம், அப்பாவையும் கேட்டுப் பாரம்மா, அவர் சீவினால் பாளை முறியாது.

ஏறுமரம் எழுதியது:

கேட்டேன். வருவார். மீட்டரைத் தானே பிடித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறார்.

கஞ்சிக்கோடு ஓய்வாளர் எழுதியது:

அப்படியானால் மீட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. கிளம்புமுன் பி.எச். 4, 7 என்று அளவு தெரிந்த இரண்டு தாங்கல் கரைசலிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த சாற்றில் அளப்பதால் வெப்பநிலை ஈடுகட்டும் வசதி உள்ள மீட்டராக இருக்கட்டும். சர்க்கரைச் சாறு கண்ணாடி முனையில் படலமாக ஒட்டும். ஒவ்வொரு கலத்துக்கும் இடையில் காய்ச்சி வடித்த நீரில் அலசி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அவர் கையில் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள். முனை உலர்ந்தால் கருவி பொய் சொல்லும், மூடியில் சேமிப்புக் கரைசல் எப்போதும் இருக்க வேண்டும். என்னிடம் ஒரு புட்டி இருக்கிறது, வழியில் கஞ்சிக்கோட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.